வாசலில் நின்றபடி ஓடிய கார்

இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிறவனை ஊருக்கு ஞாபகம் வருவது கரண்ட் போகும்போது மட்டும்தான். கள்ளக்குறிச்சியில் அப்படியொரு கடை வைத்திருக்கிறேன். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே என் செல்போன் அலற ஆரம்பித்துவிடும். ஃபேன் நின்றதும் அண்ணாந்து அதை முறைத்துப் பார்க்கும் வாசகர்களே, நானும் உங்களில் ஒருவன்தான்.

போதாக்குறைக்கு ஒரு ஹைபிரிட் கார் வாங்கினேன். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பெரிய பேட்டரியும் உண்டு. ஆன் செய்து நிறுத்தி வைத்தால் சத்தமே இருக்காது. சார்ஜ் இறங்கினால் இன்ஜின் தானாக ஓடி ஏற்றிவிட்டு, தானாக அணைந்துகொள்ளும். தொழில் புத்தி சும்மா இருக்குமா? டிக்கியில் ஒரு இன்வெர்ட்டரைப் பொருத்தி, அதிலிருந்து வீட்டுக்குள் ஒயர் இழுத்துவிட்டேன். சில லைட், ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ் வரைக்கும் தாங்கும்.

எதிர்வீட்டுக்காரர்

முதல் சோதனை எங்கள் வீட்டில்தான். ஒரு மழைச் சாயங்காலம் தெருவே இருண்டு கிடக்க, எங்கள் வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி எரிந்தது. அது எப்படி என்று விசாரிக்க எதிர்வீட்டு முருகேசன் குடையோடு வந்தார். அவர் காரை ஒட்டி நின்ற நேரம் பார்த்து இன்ஜின் உறுமியது. மனிதர் ஒரே தாவாகத் தாவிச் சேற்றில் நின்றார். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால், சீட்டில் ஆளில்லை.

நான் பேட்டரி, சார்ஜ் என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு தெருவைக் கடந்து, பத்திரமான தூரத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "நீங்க சொல்றதெல்லாம் சரிதான் பாய், எதுக்கும் வண்டிக்கு ஒரு தாயத்து கட்டிடுங்க!"

சங்கராபுரத்துக் காதுகுத்து

சங்கராபுரத்தில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் காதுகுத்து. அவர் கேட்டிருந்த பேட்டரி வந்து சேரவில்லை, கரண்டும் இல்லை. காரையே கொண்டுபோய் நிறுத்தி, பந்தலில் ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேனை ஓடவிட்டேன். யாராவது தடுக்கி ஒயர் கழன்றுவிடக் கூடாதே என்று அதை ஃபேன் காலிலும் டிக்கிக் கொக்கியிலும் நன்றாகச் சுற்றிக் கட்டினேன். பிள்ளைக்குக் காது குத்தி முடிக்கவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வடை, பாயசத்தோடு சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். வழி கேட்கிறார்கள் என்று மரியாதையாக இடப்பக்கம் ஒதுங்கினேன். அப்போதும் விடவில்லை. தெருமுனையில் நிறுத்தி இறங்கினால், வீட்டுக்கார அம்மா மூச்சிரைக்க ஓடி வருகிறார். அவருக்கு முன்னால், என் காருக்குப் பின்னால், ஃபேன் தரையில் படுத்திருக்கிறது. "தாம்பூலம்தான பாய் குடுத்தோம், ஃபேன எதுக்கு இட்டுக்கினு போறீங்க?"

வடக்கனந்தல் மோட்டார்

வடக்கனந்தலில் ஒரு விவசாயி, கரும்பு காய்கிறது, கிணற்று மோட்டாரை ஓட்டித்தர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இது ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் என்றேன். காரை ஒரு சுற்று சுற்றி வந்து பானெட்டைத் தட்டிப் பார்த்தார். "அஞ்சு ஆள இழுக்கிற வண்டி தண்ணிய இழுக்காதா? அப்புறம் இன்னாத்துக்கு பாய் இம்மாம் பெரிசு?"

மலை மேலே

கல்வராயன் மலையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் செல்வி என்னிடம் இன்வெர்ட்டர் வாங்கியவர். அவருடைய அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் முடியாது. புயலில் மலை முழுக்க மரங்கள் கம்பி மேல் சாய்ந்த மறுநாள் காலை போன் வந்தது. "பாய், பேட்டரி கத்த ஆரம்பிச்சிருச்சி. ஆம்புலன்சு வேற பக்கம் போயிருக்காம். மிஷின் நின்னா அப்பா தாங்க மாட்டாரு."

கிளம்பிவிட்டேன். பாதி மலையில் ஒரு மரம் குறுக்கே கிடந்தது. ஊர்க்காரர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழித்து, கார் உரசிக்கொண்டு போகிற அளவுக்கு வழி விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மிஷின் நின்றிருந்தது. செல்வி முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார். பெரியவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. புகை உள்ளே போகாதபடி காரைத் திருப்பி நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயரை விட்டேன். எத்தனையோ வீடுகளில் கண்ணை மூடிக்கொண்டு பிளக் மாட்டியவன், அன்று துளையில் சொருகத் தெரியாமல் தடுமாறினேன். மிஷின் 'புஸ்' என்று மூச்சு விட்ட பிறகுதான் நானும் விட்டேன்.

மத்தியானம் பெட்ரோல் முள் இறங்கத் தொடங்கியது. செல்வி வெளியே போய் நாலு பேரிடம் சொன்னார். அவரவர் பைக்கிலிருந்து பிடித்துத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றினார்கள். அப்படியே செல்போனையும் சார்ஜுக்குக் கொடுத்தார்கள். சாயங்காலம் லைன்மேன்கள் கம்பியை இழுத்துக் கட்டினார்கள், கரண்ட் வந்தது. நான் ஒயரைச் சுருட்டும்போது பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. கை காட்டி என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். "காலைலேந்து கேட்டுக்கினே கீறேன் பாய், உங்க வண்டியும் வுட்டு வுட்டுத்தான் மூச்சு வாங்குது. நல்ல டாக்டரா பாத்து காட்டுங்க!"

வாங்கிய புதிதில் "லிட்டருக்கு எவ்ளோ ஓடும்?" என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது "நிறுத்தி வச்சா எத்தினி ஃபேன் ஓடும்?" என்றுதான் கேட்கிறார்கள்; நகரவே நகராமல் இவ்வளவு நல்ல பெயர் எடுத்த காரை நான் மட்டும்தான் இன்னும் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.