மூடுபனியில் பி.ஜே. பீரியட்

சென்ற மாதம் மலைமேல் ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் போயிருந்தேன். என் தங்கை மாலதி அங்கே பி.ஜே., அதாவது உடற்கல்வி ஆசிரியை. அவளைப் பார்க்கப் போனால்... மைதானத்தையே காணோம்.

மூடுபனி. இங்கே அது செய்தியல்ல.

வேறு ஊரில் பந்தை எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள். இங்கே ஒரு விதி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் — பந்து வேண்டுமென்றால் தன் பேரைத் தானே சொல்லிக் கத்த வேண்டும். கத்தாத பிள்ளைக்குப் பந்து வராது.

மாலதியின் அருகில் ரப்பர் பூட்ஸோடு ஒரு பெண். பெயர் ஸ்டெல்லா. லெம்பா பெர்த்தாமில் காய்கறி பேக்கிங் வேலை; அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். மகள் ஏஞ்சலின் நான்காம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் வாயே திறப்பதில்லை. கணக்கு புரியாவிட்டாலும் கேட்பதில்லை. அதனால் பி.ஜே. பீரியடில் அவளை மட்டும் கணக்குப் போட உட்காரவைக்க வேண்டுமாம்.

"பந்து ஒதச்சு என்னா டீச்சர் ஆவப்போவுது? புள்ள கணக்குல தேறணும்லா."

"பெல் அடிக்கட்டும்கா, பேசலாம்."

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. "ஏஞ்சலின்! ஏஞ்சலின்!"

ஸ்டெல்லாவுக்குக் கோபம். "எந்த வாலு டீச்சர் அது? எம்புள்ளய இந்தக் கத்து கத்திக் கூப்புடுது?"

"உங்க புள்ளதான்கா. பந்து கேக்குறா."

"ஏஞ்சலின்! டேய் தினேஷ், தூங்குறியா? இந்தப் பக்கம் ஒதைடா!"

ஸ்டெல்லா பனியை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தார். "வீட்டுல உப்பு வேணும்னாக்கூட கைய நீட்டித்தான் காட்டுவா, டீச்சர்."

பெல் அடித்தது. முழங்கால் வரை சேற்றோடு ஏஞ்சலின் வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

"சட்டைய நீயேதான் தொவைக்கணும்," என்றார் ஸ்டெல்லா. பிறகு மாலதியிடம், "கணக்குக்கு வேணும்னா காலையில வெள்ளனே அனுப்புறேன். இந்தப் பி.ஜே.ல கை வெக்காதீங்க."

விளையாட்டு மூளையை வளர்க்கும் என்று மேடையில் பேசுகிறோம். வளர்க்கட்டும். ஆனால் புரியவில்லை என்று சொல்லவும் முதலில் ஒரு குரல் வேண்டாமா? அதை எந்தப் பாடத்தில் சொல்லித் தருகிறோம்?

நேற்று மாலதி போன் செய்தாள். கணக்கு ஆசிரியர் ஏஞ்சலின் மேல் புகார் சொல்கிறாராம். சந்தேகம் வந்தால் கை தூக்குவதில்லையாம் — தன் பேரைச் சொல்லிக் கத்துகிறாளாம்.