ஒருவரும் வெட்டாத செர்ரி மரம்

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. பாவம், அந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவர் செத்து இருநூறு வருடம் ஆகப்போகிற நேரத்தில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில், அவருடைய கதை ஒன்றை வைத்துத்தான் என் அப்பா என்னைக் கைவிட்டார். அமெரிக்க ஒரு டொலர்த் தாளில் அந்த முகத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வரும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊர்ச் சங்கம் பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி வைக்கப்போவதாக அறிவித்தது. கேள்விகள் எங்கிருந்து வரும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். சங்கச் செயலாளர் அங்கிள் ஊரைவிட்டு வரும்போது, வேறு எதையெல்லாமோ விட்டுவிட்டு, ஒரு பழைய பொது அறிவுப் புத்தகத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அதில் கனடாவுக்கு அரைப் பக்கம். அமெரிக்காவுக்கு ஒரு முழு அத்தியாயம். ஆகவே கனடாவில் வளர்கிற தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் அந்தக் குளிர்காலம் முழுக்க அமெரிக்க சரித்திரத்தைப் பாடமாக்கினோம். இதிலே ஏதோ பிசகு இருக்கிறது என்று ஒரு பெற்றோருக்கும் தோன்றவில்லை.

அப்பா யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே பிளாஸ்டிக் வாளி செய்கிற பக்டரியில் வேலை. சங்கத்து ஆட்கள் மட்டும் அவரை இன்னும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் எல்லாக் கூட்டங்களுக்கும் போனார் என்று அம்மா பகிடி பண்ணுவார். போட்டி வருகிறது என்றதும் அப்பாவுக்குப் பழைய உசார் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை பஸ்ஸில் லைப்ரரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிறுவர் பகுதியில் இருந்த குட்டிக் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துகொண்டு என்னோடு படித்தார்.

செயலாளர் அங்கிளின் புத்தகம் சொன்னது ஒன்று, லைப்ரரிப் புத்தகங்கள் சொன்னது வேறொன்று. மேற்கே கப்பல் விட்டு அமெரிக்காவைக் கண்ட மாலுமிதான் உலகம் உருண்டை என்று நிரூபித்தானாம். படித்தவர்களுக்கு அது அதற்கு எவ்வளவோ காலம் முன்பே தெரியும். ஜூலை நாலாம் திகதி எல்லோரும் வரிசையில் நின்று சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து வைத்தார்களாம். அன்றைக்கு ஏற்றுக்கொண்டது மட்டும்தான், கனபேர் கையெழுத்து வைத்தது ஆகஸ்டில் என்று லைப்ரரிப் புத்தகம் சொன்னது. அமெரிக்காவின் முதல் கொடியைத் தைத்தாராம் ஒரு பெண்மணி. அந்தக் கதையைச் சொன்னது அவருடைய பேரன், அதுவும் பல வருடம் கழித்து. முதல் ஜனாதிபதி மரத்தில் செய்த பல் கட்டியிருந்தாராம். அவருடைய பல்செட்டில் மரமே இல்லை. தந்தமும் மாட்டுப் பல்லும் மனிதப் பல்லும்தான். ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்போது அப்பா சத்தமாகச் சிரித்தார்.

“உவங்கள் உலகத்தையே பேக்காட்டி ஏமாத்தியிருக்கிறாங்கள், பிள்ளை!”

லைப்ரரிக்காரி திரும்பிப் பார்ப்பார். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பில் பாதி என்னால் வந்தது என்று எனக்கு நடப்பும் பெருமையும்.

செர்ரி மரத்தின் கதைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சின்னப் பையன் கோடரியால் தகப்பனின் செர்ரி மரத்தை வெட்டிவிடுகிறான். தகப்பன் கேட்கிறபோது, என்னால் பொய் சொல்ல முடியாது, நான்தான் வெட்டினேன் என்கிறான். தகப்பன் அடிக்காமல் அணைத்துக்கொள்கிறார். அந்தப் பையன்தான் பிறகு முதல் ஜனாதிபதி. இந்தக் கதையை ஊர் ஊராகப் புத்தகம் விற்ற ஒரு பாதிரியார், ஜனாதிபதி செத்த பிறகு, தான் எழுதிய சரித்திரத்தில் சேர்த்திருக்கிறார். வேறு எங்கேயும் ஆதாரம் இல்லை. அந்தப் பாதிரியாரின் கதையில்கூட அந்தப் பையன் மரத்தை வெட்டி விழுத்தவில்லை, பட்டையைத்தான் கொத்துகிறான். இதை நான் வாசித்துக் காட்டியதும் அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“இதை நான் எத்தினை பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பன். பொய் சொல்லக் கூடாது எண்டு சொல்லுறதுக்கு ஒரு பொய்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பினார்.

“இனி உந்தக் கதையை ஆர் சொன்னாலும் நீ திருத்த வேணும், என்ன?”

“நீங்கள் சொன்னாலுமோ, அப்பா?”

“நான் சொன்னாலும் திருத்து.”

இந்த வார்த்தையை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த மடைத்தனம்.

போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, நடுவராக இருக்க ஒத்துக்கொண்டவர் பிக்கரிங்கில் வீடு வாங்கி மாறுகிற அவதியில் வர முடியாது என்று சொல்லிவிட்டார். செயலாளர் அங்கிள் எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வந்து, மாஸ்டரை விட்டால் ஆள் இல்லை என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“மகள் போட்டியிலை நிக்கிறாள். நீங்கள் நடுவரோ? ஆக்கள் என்ன கதைப்பினம்?”

“நான் நேர்மையா இருந்தாச் சரிதானே,” என்றார் அப்பா.

அன்றோடு லைப்ரரி நின்றது. கேள்விகள் அங்கிளிடம்தான் இருந்தன, அப்பா அவற்றைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் நான் ஏதாவது கேட்டால், “உதைப் பற்றி என்னோட கதைக்காதை,” என்று எழும்பிப் போய்விடுவார். நான் தனியாகப் படித்தேன்.

போட்டி நாளில் ஜிம் முழுக்கக் குளிர் ஜாக்கெட்டுகளும் பொரித்த ரோல்ஸ் வாசமும். பின்சுவரோடு வடைத் தட்டுகள். மேசைக்கு மூன்று பிள்ளைகள். பதில் தெரிந்தவர் அடிப்பதற்கு ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மணி. எங்கள் மேசைக்குக் கிடைத்தது யாரோ வீட்டுச் சாமியறை மணி. அதை நான் அடிக்கிறபோதெல்லாம் முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா டை கட்டி, மேடையில் தனி மேசையில் இருந்தார். தொடங்குவதற்கு முன்பே பின்னால் இருந்து ஒருவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“நடுவற்ர மகள் இருக்கிற மேசையோ? அப்ப கப் இப்பவே வீட்டை போயிட்டுது.”

சனம் சிரித்தது. அப்பா டையின் முடிச்சை இறுக்கினார்.

கடைசிக் கேள்விக்கு வரும்போது எங்கள் மேசையும் செயலாளர் அங்கிளின் மகன் இருந்த மேசையும் சமம். அப்பா தாளைப் பார்த்து வாசித்தார்.

“அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி சிறுவனாக இருந்தபோது வெட்டிய மரம் எது?”

வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குள்ளே போய் லைட் போட்டதுபோல் இருந்தது. இது எங்கள் கேள்வி. அந்தக் குட்டிக் கதிரைகள், அந்த பஸ், ஆர் சொன்னாலும் திருத்து. செர்ரி என்று சொன்னால் கப் எனக்கு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அப்பா முன்னால் நான் எப்படி அதைச் சொல்வேன்? மணியை அடித்துவிட்டு எழும்பினேன்.

“அவர் ஒரு மரமும் வெட்டேல்லை. அது அவர் செத்தாப் பிறகு ஒருத்தர் கட்டின கதை.”

சனம் மறுபடியும் சிரித்தது. செயலாளர் அங்கிள் கையைத் தூக்கிச் சனத்தை அடக்கினார்.

“பிள்ளை, மரத்தின்ர பேரைச் சொல்லும்.”

“மரம் இல்லை, அங்கிள். நடுவரைக் கேளுங்கோ. அவருக்குத் தெரியும்.”

ஜிம் முழுக்க அப்பா பக்கம் திரும்பியது. நானும் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கும்வரைக்கும் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிழை,” என்றார். “அடுத்த மேசை.”

“செர்ரி,” என்றான் அங்கிளின் மகன்.

“சரி.”

கைதட்டினார்கள். அப்பாவே கப்பைத் தூக்கி அவன் கையில் கொடுத்து, முதுகில் தட்டினார். என்னோடு மேசையில் இருந்த இரண்டு பெண்களும் என்னைப் பார்க்காமல் ஜாக்கெட் மாட்டினார்கள். என் வாழ்க்கையில் பிறகு எத்தனையோ பேர் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். ஒருவரும் அப்படி, என் கண் முன்னால், நிதானமாக, டை கட்டிக்கொண்டு செய்யவில்லை.

அப்பா அன்றைக்கு இரவல் வாங்கிவந்த காரில் வீட்டுக்குப் போனோம். அம்மா முன்னுக்கு இருந்தார். நான் பின்சீட்டில் இருந்து கேட்டேன்.

“அப்பா, உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“பிறகேன் பிழை எண்டனீங்கள்?”

“நான் உன்னைப் பாத்தனான்தானே. செர்ரி எண்டு சொல்லியிருக்கலாம். ஆருக்கு நட்டம்?”

அந்தப் பார்வை அதற்குத்தானா! பொய்யைச் சொல்லு என்று கண்ணால் கெஞ்சிய மனிதரை நான் என் பக்கத்து ஆள் என்று நினைத்திருக்கிறேன்.

“வேறை பிள்ளை இதையே சொல்லியிருந்தா?”

சிவப்பு லைட்டில் கார் நின்றது. அவர் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.

“குடுத்திருப்பன்,” என்றார். “நீ என்ர பிள்ளை எண்டபடியாத்தான் குடுக்கேல்லை.”

“சும்மா இருங்கோ ரெண்டு பேரும்,” என்றார் அம்மா. அவருடைய குரல் உடைந்திருந்தது. அதன்பிறகு நான் அப்பாவோடு ஒரு கிழமைக்கு மேல் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் காட்டவில்லை. பக்டரிக்குப் போனார், வந்தார், செய்தி பார்த்தார்.

ஆனால் சங்கத்தில் அந்தக் கதை கால் முளைத்து நடக்கத் தொடங்கியது. மாஸ்டரைப் போல நேர்மையான மனிசன் இல்லை, சொந்த மகளுக்கே புள்ளி குடுக்காத ஆள் என்று கலியாண வீட்டில் கதைத்தார்கள். மகள் அழ அழக் குடுக்கேல்லை என்றார்கள். நான் அழவே இல்லை. நான் சொன்ன பதில் என்ன என்பது ஒருவருக்கும் நினைவில்லை. ‘பிழையான பதில்’ என்பது மட்டும் நின்றது. அடுத்தடுத்த வருடங்களில் அப்பாவே நிரந்தர நடுவர். தங்கள் பிள்ளைகளுக்கு நேர்மை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க ஆட்கள் எங்கள் அப்பாவின் கதையைச் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. பிக்கரிங்கில் உறவுக்காரர் ஒருவரின் பேஸ்மெண்டில் கொண்டாடினோம். செயலாளர் அங்கிள் அப்போது சங்கத் தலைவர். மைக்கைப் பிடித்து அந்தக் கதையை முழுதாகச் சொன்னார். முடிந்ததும் மைக்கை வாங்கி, அப்பா தானாகவே மிச்சத்தைச் சொன்னார்.

“அண்டைக்கு வீட்டை போனதும் பிள்ளை ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, அப்பா, நீங்கள் செய்ததுதான் சரி எண்டு சொன்னது. அதுதான் எனக்குப் பெரிய கப்.”

சனம் உருகிப்போய்க் கைதட்டியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பினேன்.

“இல்லை, அப்பா. நான் கட்டிப்பிடிக்கேல்லை. நான் உங்களோட கதைக்கவே இல்லை.”

“அவ அப்ப சின்னப் பிள்ளை,” என்று அப்பா சனத்தைப் பார்த்துச் சிரித்தார். “அவவுக்கு மறந்து போச்சு.”

மறுபடியும் பிழை. அவருடைய முகத்தில் கள்ளம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அதை முழுதாக நம்பினார்.

கேக் வெட்டுவதற்கு ஆட்கள் நெருங்கி வந்தபோது, அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்:

“நீங்கள் சொன்னாலும் திருத்தச் சொன்னனீங்கள், அப்பா. லைப்ரரியாலை வரேக்குள்ளை. பஸ்ஸிலை.”

அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

“எந்த பஸ், பிள்ளை?”