கோட்டானைப் பார்க்க வந்தவர்

எங்கள் சித்தப்பா பொய் சொன்னால் முகத்தில் ஒரு மயிர்கூட அசையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து காரில் வந்திறங்கிய தொப்பிக்காரரைக் காட்டி, "பாப்பா, சார் பட்சிங்களப் பத்தி ஆராய்ச்சி பண்றவரு. நம்ம பாறைக்காட்ட நீதான் சுத்திக் காட்டணும்" என்றார். நான்காம் வகுப்புக்காரிக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன வேண்டும்? அப்பா மாந்தோப்புக்கு மருந்தடிக்கப் போயிருந்தார். அவரிடம் சொல்லாமலே மூவரும் கிளம்பினோம்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாகக் கிடந்த நிலம் அது. விதைத்தால் விதைகூடத் திரும்பாது. மழை அரித்து அரித்து ஆள் மறையும் பள்ளங்கள். நடுநடுவே யானை யானையாகப் பாறைகள். எந்தப் பொந்தில் உடும்பு, எந்தப் புதரில் முயல், எந்த உருண்டைக்கல்லைத் தொட்டால் ஆடும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெரிய பாறையின் இடுக்கில் கோட்டான் ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை; அபசகுனம் என்று கல்லாலடித்து விரட்டுவார்கள். இவர் படித்தவராயிற்றே என்று நம்பிக் காட்டினேன்.

அந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை! குஞ்சுகள் கழுத்தைத் திருப்பித் திருப்பி எங்களைப் பார்க்கின்றன. இவரோ பையிலிருந்து சுத்தியலை எடுத்துப் பாறையைத் தட்டி, காதை வைத்துக் கேட்கிறார். தாய்க்கோட்டான் அரண்டுபோய்ப் பறந்தது. நான் குடிக்கக் கொண்டுபோன தண்ணீரைப் பாறைமேல் ஊற்றி, கையால் தேய்த்து நிறம் பார்த்தார். "சென்னாகிதெ" என்று கன்னடத்தில் மெச்சினார். கல் நன்றாக இருக்கிறதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், குஞ்சுங்க மேல இருக்குதுங்க" என்றேன்.

"இருந்துட்டுப் போவுது, சும்மா இரு" என்றார் சித்தப்பா.

சும்மா இருப்பேனா? மாலையில் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பட்சி பார்க்க வந்தவர் பட்சியைப் பார்க்காத அநியாயத்தையும், சுத்தியலையும், வீணாய்ப்போன என் தண்ணீரையும் சொல்லிச் சொல்லி அழுதேன். அப்பா பாதிச் சோற்றில் எழுந்தார். நேரே சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கூடும்படி கத்தினார்.

"கொழந்தைய முன்னாடி விட்டு ஊர ஏமாத்துறியா? எனக்குத் தெரியாம எவன்டா அவன்?"

அந்தப் பாறை இருந்த இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர் தேங்கிய குழிதான் இருக்கிறது. பாறையை அறுத்து லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மூத்தவர் என்று அப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆனால் அன்றைக்கு, "மூத்தவன் நானிருக்க, கல்லுக்கு வெல பேச நீ யாருடா?" என்று அப்பா எகிறியபோது, எனக்கு அதில் ஒரு சொல்லும் உறைக்கவில்லை. கோட்டானுக்காக இவராவது சண்டை போடுகிறாரே என்று, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பெருமையாக நின்றேன்.