பார்க்காமல் போட்ட பச்சை டேக்

1. முதல் வாரம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் மேஜையில் நாற்பது பாஸ்போர்ட் நகல்கள். எங்களுடையது வளைகுடா நாட்டில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குச் சாரம் கட்டித் தரும் கம்பெனி. ஆட்களின் விவரத்தைப் புது சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டும். 'கல்வி' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நகல்களில் அந்த விவரம் இல்லை.

"சாரம் கட்டறவங்கதானேம்மா, 'நோ ஸ்கூலிங்'னு போட்டுட்டு யல்லா, சீக்கிரம் அடுத்ததப் பாரு" என்றார் எச்.ஆர். மேனேஜர் ராகவன்.

போட்டேன். நாற்பது பேருக்கும் போட்டேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.காம். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. அப்படிப்பட்ட நான்தான், ஒரு போன்கூடச் செய்யாமல், நாற்பது பேர் பள்ளிக்கூடம் போனார்களா இல்லையா என்று முடிவுசெய்தேன்.

2. பட்டியல்

மூன்று வருடம் கழித்து ஒரு வரைவுச் சட்டம் பற்றிய பேச்சு கிளம்பியது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாத வெளிநாட்டவருக்கு இகாமாவை, அதாவது தங்கும் அனுமதியை, இனிப் புதுப்பிக்கக் கூடாதாம். நான் குடியிருக்கும் அப்பாசியாவில் மளிகைக் கடை வாசலில்கூட இதே பேச்சுதான். "நமக்குப் பிரச்சினை இல்ல, நாம படிச்சவங்க" என்றாள் அறைத்தோழி.

சட்டம் வரவில்லை. எங்கள் கம்பெனி அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. அந்த வருடம் காண்ட்ராக்ட் முடிகிறவர்களில் 'நோ ஸ்கூலிங்' யார் யார் என்று ராகவன் சார் சாஃப்ட்வேரில் தேடினார். பதினான்கு பெயர்கள் வந்தன.

"கடைசி நேரத்துல அலையறதுக்கு இப்பவே அனுப்பிடலாம். 'சரிபார்க்கப்பட்டது'ன்னு கீழ கையெழுத்துப் போடு."

"சார், இது நான் யாரையும் கேக்காம போட்ட விவரம்."

"அதனால என்ன, அவங்கள்லாம் டாக்டரேட்டா? உனக்கு ஏம்மா கவல? இந்தச் சட்டம் உன்ன மாதிரி படிச்சவங்களுக்கு நல்லதுதானே?"

"எங்கப்பா கைநாட்டு வச்சு இகாமா வாங்கினவர் சார். அப்ப இந்தச் சட்டம் இருந்திருந்தா, நீங்க சொல்ற அந்தப் படிப்பு எனக்கு ஏது?"

அவர் பேனாவை நீட்டியபடியே இருந்தார். நான் வாங்கவில்லை.

3. கேம்ப்

வெள்ளிக்கிழமை லீவு. லேப்டாப்போடு ஆட்கள் தங்கியிருக்கும் கேம்ப் மெஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்தேன். பட்டியல் விஷயம் அங்கே எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. முதலில் வந்தவர் செல்லையா அண்ணன். ராமநாதபுரம் பக்கம். இருபத்தோரு வருடமாகச் சாரம் கட்டுகிறவர். பட்டியலிலும் முதல் பெயர் அவருடையதுதான்.

"வாங்க மேடம். எங்க எல்லாரையும் கைநாட்டாக்குன புண்ணியவதி நீங்கதானா? பாபு ஐ.டி.ஐ. முடிச்சவன். அவனையும் மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவனா ஆக்கிப்புட்டியே தாயி!"

மெஸ்ஸே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

கேம்பில் இருந்த பதின்மூன்று பேரையும் கேட்டேன். ஒன்பது பேர் பத்தாவதோ அதற்கு மேலோ படித்தவர்கள். சான்றிதழ்கள் ஊரில் பெட்டிக்குள் கிடந்தன. சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் வந்து இறங்கின. நான்கு பேர் உண்மையிலேயே படிக்காதவர்கள்.

"எனக்கு மாத்தாத" என்றார் அந்த நால்வரில் ஒருவரான செல்லையா அண்ணன். "இந்தச் சட்டம் மட்டும் வரட்டும், ஏஜெண்டு பத்தாவது சர்டிபிகேட்ட கூறு கட்டி விப்பான். எனக்கு அது வேணாம். அந்தக் காயிதமா வந்து சாரத்துல கிளாம்ப்ப முறுக்கப்போகுது?"

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சாரத்தில் ஏறிப் பார்த்த பிறகுதான் இன்ஸ்பெக்டர் பச்சை டேக் மாட்டுவார். பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். சிவப்பு டேக் தொங்கினால் யாரும் கால் வைக்கக் கூடாது.

"நான் ஏறிப் பாக்காம பச்ச டேக் போட்டுட்டேண்ணே" என்றேன்.

"அப்ப அதக் கழட்டு. செவப்ப மாட்டு. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு!"

4. சிவப்பு

மறுநாள் ஸ்டோரில் ஒரு சிவப்பு டேக் வாங்கி, பட்டியல் இருந்த ஃபைலில் கட்டி, ஜெனரல் மேனேஜர் மேஜையில் வைத்தேன். கூடவே ஒன்பது சான்றிதழ்கள், மற்ற நான்கு பேரின் பயிற்சி அட்டைகள், அவர்கள் எந்தெந்த யூனிட்டில் சாரம் கட்டினார்கள் என்ற விவரம்.

"என்ன விளையாட்டு இது?" என்று ராகவன் சார் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"விளையாட்டு இல்ல சார். இந்தப் பட்டியல நம்பி ஏறினா ஆள் விழும்."

அடுத்த மாதம் ஷட்டவுன், அதாவது ஆலையை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் வேலை. சாரம் இல்லாமல் அங்கே ஒரு வால்வைக்கூடத் தொட முடியாது. ஜெனரல் மேனேஜர் பயிற்சி அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதின்மூன்று பேருக்கும் காண்ட்ராக்ட் நீண்டது.

பதினான்காவது ஆள் கருப்பசாமி. லீவில் ஊருக்குப் போயிருந்தார். 'திரும்பி வர வேண்டாம்' என்ற செய்தி, என் கையெழுத்துக்குக்கூடக் காத்திருக்காமல், அவருக்கு ஏற்கெனவே போய்விட்டது. விசாவையும் ரத்து செய்துவிட்டார்கள். போன் செய்து கேட்டேன். பன்னிரண்டாவது பாஸ்.

அந்தச் சட்டம் இன்னும் வரைவாகவேதான் இருக்கிறது. இன்னும் பிறக்காத சட்டம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதற்குக் கதவைத் திறந்துவிட்டது என் விரல். படித்தவர்களைக் காக்க வரும் சட்டம் என்று யாராவது என்னிடம் சொன்னால், கருப்பசாமியின் மார்க் ஷீட்டை எடுத்துக் காட்டுகிறேன். படிக்காதவர்களைத்தானே அனுப்புகிறார்கள் என்றால், அவர்கள் கட்டிய சாரத்தில் ஏறிவிட்டு வந்து பேசச் சொல்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆளைக் கேட்காமல் எந்தக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள். பக்கம் திறக்காவிட்டால் திறக்காமலே கிடக்கட்டும்.

கருப்பசாமிக்குப் புது விசா கேட்டு மாதம் ஒரு கடிதம் கொடுக்கிறேன். நான்கு கொடுத்தாயிற்று. "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்கிறார் ராகவன் சார். ஐந்தாவதை டைப் செய்து வைத்திருக்கிறேன்.