சங்கு அமுக்கிய குரல்

அமுக்குதல் என்றால் கையால் அழுத்துதல் என்றுதான் பெரும்பாலோர் பொருள் கொள்வோம். காய்கறி ஏலக்கூடத்தில் அந்தச் சொல்லுக்குக் கை தேவையில்லை, தொண்டை போதும். இருவர் ஒரே நேரத்தில் கத்தும்போது, ஒருவருடைய குரல் மேலெழுந்து மற்றவருடைய குரலை இல்லாமல் செய்துவிட்டால், அவர் இவரை அமுக்கிவிட்டார் என்பார்கள். "காலையில அவரை நல்லா அமுக்கிட்டேன்" என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னால், அங்கே யாரும் பதறுவதில்லை. வெறுமனே உரக்கக் கத்துவது அமுக்குவது ஆகாது. ஆளில்லாத கூடத்தில் யாரும் யாரையும் அமுக்க முடியாது. எதிரே இன்னொரு மனிதர் வேண்டும். அவர் ஏதேனும் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டும்.

அந்தக் கூடத்தில் எல்லோரையும் அமுக்கியவர் என்று பெயர் எடுத்தவர் சங்கு. பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆலைச் சங்கு ஊதியதுபோல அவர் ஏலம் கூறியதால், கூடம் வைத்த பெயர் இது. குள்ளமான, ஒல்லியான பெண்மணி. புதிதாக வரும் வியாபாரிகள் அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததுண்டு. கணவர் இறந்தபின், அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தம்பிதான் அவரை முதலாளியிடம் அழைத்துவந்தார்.

"எங்க அக்கா வாயைத் திறந்தா தெருவே வாயை மூடிக்கும் முதலாளி. வேணும்னா ஒரு தடவை கத்தச் சொல்லிப் பாருங்க."

முதலாளி ஒரு தடவை கத்தச் சொல்லிக் கேட்டார். அதன்பின் வேறு எதையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து காலையில் ஏலம், மாலையில் தம்பி வீடு. அந்த வீட்டின் பின்னறைதான் சங்குவுக்கு இருந்த ஒரே இடம்.

ஏலம் கூறுவது வாயால் மட்டும் செய்யும் வேலையன்று. வாங்குபவர்களின் விரல்களைக் கண் தொடர வேண்டும். விரல் உயர உயர விலையை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். இனி யாரும் உயர்த்தமாட்டார்கள் என்று தெரிந்ததும், கடைசி விலையை மூன்று முறை கூற வேண்டும். அங்கேதான் கூடத்தின் கடுமையான விதி வருகிறது. முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் இடையே குரல் நின்றுவிட்டால், சரக்கு தொடக்க விலைக்கே இறங்கிவிடும். தும்மினாலும் சரி, விக்கினாலும் சரி, கூடம் இரங்காது. மீண்டும் அடியிலிருந்து ஏற வேண்டும்.

எதிர்மேடையில் இன்னொரு முதலாளிக்காக ஏலம் கூறியவரைத் தகரம் என்று அழைத்தார்கள். தகரத்தைத் தரையில் இழுப்பதுபோன்ற மெல்லிய, கீச்சென்ற குரல். பலத்தால் சங்குவை அமுக்க முடியாது என்பது முதல் வாரத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆகவே அவர் வேறு வழி கண்டுபிடித்தார். சங்கு இரண்டாம் முறை கூறும் நேரம் பார்த்து, "சங்கக்கா, சேலையில தீ!" என்று கத்துவார். சங்கு குனிந்து பார்ப்பார், சரக்கு இறங்கிவிடும், கூடம் வயிறு குலுங்கச் சிரிக்கும். தீக்குப் பிறகு பாம்பு வந்தது. பாம்பும் பழசான பிறகு ஒருநாள், "ஐயோ, உங்க தம்பி விழுந்துட்டான்!" என்று கத்தினார். சங்கு மேடையிலிருந்து குதித்து ஓடினார். தம்பி தூண் ஓரமாக நின்று வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

அன்று தேநீர்க் கடையில் சங்கு தகரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, விளையாடறதுக்கு உனக்கு வேற விஷயமே கிடைக்கலையா?"

"அக்கா, நீங்க தொண்டையில பீரங்கி வெச்சிருக்கீங்க. என்கிட்ட இருக்கிறது குண்டூசி. எங்க குத்தினா நீங்க நிப்பீங்கன்னு பாத்துத்தானே குத்தணும்?"

"இனிமே உலகமே இடிஞ்சு விழுதுன்னு நீ கத்தினாலும் நான் நிறுத்தமாட்டேன். தெரிஞ்சுக்கோ."

"பாக்கலாமே" என்றார் தகரம். அன்றைய தேநீருக்கு அவரே காசு கொடுத்தார். உண்மையில் இருவருக்கும் பகை ஏதும் இருந்ததில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை. கூரைத் தகடுகளின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சங்குவின் மேடையில் அன்று பெரிய வெங்காயச் சரக்கு. கூடத்திலிருந்த வியாபாரிகள் அத்தனை பேரும் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். தகரத்தின் மேடையைச் சுற்றி ஈ காக்கை இல்லை. இரண்டு மேடைகளுக்கும் நடுவே உருளைக்கிழங்கு மூட்டைகளை ஆளுயரத்துக்கும் மேலே அடுக்கியிருந்தார்கள். அந்த அடுக்கை அட்டி என்பார்கள். ஈரத்தில் அடிமூட்டைகள் இளகி, அட்டி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. சாய்வு தகரத்தின் பக்கமிருந்து மட்டுமே தெரிந்தது. அதன் அடியில் குனிந்து, சங்குவின் தம்பி ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்.

சங்கு இரண்டாம் முறை விலையைக் கூறினார். எதிரிலிருந்து கீச்சுக்குரல் எழுந்தது.

"சாயுது! அட்டி சாயுது! தம்பியை வெளிய இழுங்க!"

மழையும் சங்குவின் குரலும் சேர்ந்து அதைக் கீழே இருந்த யாருக்கும் எட்டவிடவில்லை. அட்டி என்ற சொல் சங்குவின் காதிலும் விழவில்லை. தம்பி என்ற சொல் விழுந்தது, தெளிவாகவே விழுந்தது. வந்துட்டான்யா பழைய குண்டூசியோட என்று அவர் நினைத்தார். வயிற்றை எக்கி, கழுத்து நரம்பு புடைக்க, மூன்றாம் முறை கூறினார். அப்படியொரு குரலை அவரிடமிருந்தே கூடம் அதுவரை கேட்டதில்லை. "சங்குன்னா சங்குதான்!" என்று யாரோ சீட்டியடித்தார். சீட்டி அடங்குவதற்குள் அட்டி சரிந்தது.

தம்பி உயிர் பிழைத்தார். வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. இனி மூட்டை தூக்க முடியாது என்று மருத்துவர் கூறிவிட்டார். மருத்துவமனை நடையில் தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"நேர் எதிர்ல நின்னாரே அண்ணி, அந்த மனுஷன்! கண்ணு இருந்துச்சே அவருக்கு! ஒரு சத்தம் குடுத்திருந்தா இவர் நகர்ந்திருப்பாரே!"

சங்கு அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கூடத்தில் இன்னொரு விதி உண்டு. மேடையில் நிற்பவர் ஆபத்தைக் கண்டால் குரல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காதவர் அதன்பின் எந்த மேடையிலும் ஏற முடியாது. தகரத்தை விசாரிக்க வியாபாரிகள் சங்கம் கூட்டம் போட்டது. அவருக்குத் தெரிந்த தொழில் ஏலம் கூறுவது ஒன்றுதான். அவர் குரல் கொடுத்தார் என்பது சங்கு ஒருவருக்கு மட்டுமே தெரியும். அதைச் சொன்னால், கேட்டும் நிறுத்தாதவர் யார் என்பதையும் சொல்ல வேண்டிவரும். தம்பி வீட்டின் பின்னறையில் படுத்து, சுவருக்கு அப்பால் தம்பி வலியில் முனகுவதைக் கேட்டுக்கொண்டே சங்கு கூட்ட நாள்வரை வாய் திறக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது போலும் என்று வீட்டில் நினைத்தார்கள்.

கூட்டம் ஏலக்கூடத்திலேயே நடந்தது. தம்பியை நாற்காலியோடு தூக்கிவந்திருந்தார்கள்.

"கத்தினேன்யா! தொண்டை கிழியக் கத்தினேன்!" என்றார் தகரம்.

"உன் கத்தல்ல எது நிஜம், எது பொய்னு யாருய்யா கண்டா?" என்றார் ஒரு வியாபாரி.

"கத்தினவன் குரல் ஒருத்தர் காதுலகூடவா விழாது?" என்றார் இன்னொருவர்.

"சங்கக்கா காதுல விழுந்திருக்கும். அவங்களைக் கேளுங்க!"

யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு ஆள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் மேலாகத் தம்பி மனைவியின் குரல் ஒலித்தது. தகரத்தின் உதடுகள் அசைந்தன. குரல் கேட்கவில்லை.

"கொஞ்சம் கேளுங்க" என்றார் சங்கு, வீட்டில் பேசும் குரலில். பக்கத்தில் இருந்தவருக்குக்கூட அது எட்டவில்லை.

தம்பி மட்டும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சும்மா இரு அக்கா. நடக்கிறது நடக்கட்டும்."

சங்கு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். பிறகு தம் மேடையில் ஏறினார். வயிற்றை எக்கினார்.

"அவர் கத்தினாரு! எனக்குக் கேட்டுச்சு! நான்தான் அமுக்கிட்டேன்!"

கூடம் திரும்புவதற்குள் இரண்டாம் முறை கூறினார். தம்பி மனைவியின் குரல் நின்றது. இடையில் மூச்சு விடாமல் மூன்றாம் முறையும் கூறினார். பழக்கத்தால் வந்ததுதான், ஆனால் மூன்று முறை கூறியதை அந்தக் கூடத்தில் யாரும் திரும்பப் பெற முடியாது. பிறகு, மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தகரத்தை விட்டுவிட்டார்கள். அவர் மேடையருகே வந்து, "அன்னைக்கு நான் அந்தப் பொய்யைக் கத்தாம இருந்திருந்தா நீங்க..." என்று தொடங்கினார்.

"போய் வேலையைப் பாருய்யா" என்றார் சங்கு.

வீடு திரும்பியபோது அவருடைய பெட்டி வாசலில் இருந்தது. தம்பி மனைவி கதவைப் பிடித்தபடி நின்றார். "சொல்லாமலே இருந்திருக்கலாமே அண்ணி. நாங்க அந்த ஆளைத் திட்டிட்டாவது காலத்தைத் தள்ளியிருப்போம்."

சங்கு இப்போது கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார். ஏலமும் கூறுகிறார். ஆனால் எதிர்மேடையிலிருந்து ஏதேனும் சத்தம் வந்தால், எந்த முறையில் இருந்தாலும் குரல் நின்றுவிடுகிறது, சரக்கு இறங்கிவிடுகிறது. முதலாளி முகத்தைச் சுளிக்கிறார். இன்னும் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வாரோ தெரியாது. தகரம் இப்போதெல்லாம் சங்கு கூறி முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை. அப்படியும் கூடத்தில் சத்தத்துக்கா பஞ்சம்?

மாலைதோறும் சங்கு தம்பி வீட்டு வாசலுக்குப் போகிறார். தம்பி மனைவி கதவை முழுவதும் சாத்துவதில்லை, முழுவதும் திறப்பதுமில்லை. அந்த இடைவெளியில் தம்பியின் முதுகும் நாற்காலியும் தெரியும்.

"கால் எப்படிடா இருக்கு?" என்று கேட்பார்.

தம்பி தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். மறுபடி கேட்டால், இன்னும் கூட்டுவார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது அலறும். அதற்கு மேலே எழுவது சங்குவுக்கு ஒரு மூச்சு வேலை. அவர் குரலை உயர்த்துவதில்லை. அதே மெல்லிய குரலில் இன்னொரு முறை கேட்டுவிட்டு, கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, நிகழ்ச்சி முடியும்வரை நிற்கிறார்.