பிரேக் வயரை நம்பாத சுடலைமுத்து அண்ணாச்சி

மழை சற்று ஓய்ந்திருந்த மாலை. மூணாறில் எங்கள் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஜீப் ஓட்டுநர் ராசையாவிடமிருந்து அழைப்பு வந்தது. "அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். பள்ளிவாசல் ஊருக்கு இறங்கும் சாலையில், சைக்கிளோடு. சற்று முன்புதான் "வாரேன் பிள்ள" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கியிருந்தார்.  பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "பிரேக் வயரு கழண்டிருக்குமோ?"

அவரை அறிந்தவர்கள் எல்லோரும் அன்று கேட்டது அதைத்தான். ஏன் என்பதை, அறியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும்.

சுடலைமுத்து அவர்கள் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன்பின், நான் முன்பதிவுகளைக் கவனிக்கும் சைக்கிள் சுற்றுலா நிறுவனத்துக்கு மெக்கானிக்காக வந்தார். பயணிகளையும் சைக்கிள்களையும் ஜீப்பில் மேலே ஏற்றிச் சென்று, தேயிலைத் தோட்டங்களின் வழியே இறங்கவிடுவது எங்கள் தொழில். வந்த அன்றே ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். "ஏறுறதுக்குக் கால் இருக்கு. இறங்குறதுக்கு இந்த வயர விட்டா வேற என்ன இருக்கு?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஜீப்பில் அடுக்குவதற்கு ஹேண்டில்பாரைக் கழற்ற வேண்டும். பிரேக் வயர் அதை வண்டியோடு கட்டிப்போட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் திருகாணியைத் தளர்த்தி வயரை உருவி, மேலே போனதும் மறுபடி இழுத்து, இறுக்கம் பார்த்து முடுக்க வேண்டும். குளிரில் விரல் விறைத்துவிடும். வயரின் நுனி பிரிபிரியாகிவிடும்.

அண்ணாச்சி வயரை நடுவில் வெட்டி, இரு முனைகளிலும் சிறிய பித்தளைக் குமிழ்களைப் பொருத்தினார். ஒன்றுக்குள் மற்றொன்று திருகிக்கொள்ளும். கழற்ற ஸ்பேனர் வேண்டாம். மாட்டினால் பழைய இறுக்கம் அப்படியே இருக்கும். முதலாளி மகிழ்ந்துபோய் எல்லா வண்டிக்கும் போடச் சொன்னார்.

"சுளுவா கழட்டுறது, சுளுவா கழண்டும் போயிரும் சார். கொஞ்சம் பொறுங்க" என்றார் அண்ணாச்சி.

சீசன் நேரம். முதலாளி பொறுக்கவில்லை.

அந்தச் சீசன் முடிவதற்குள் நடந்துவிட்டது. மூடுபனி இறங்கிய பிற்பகல். சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் இளம்பெண் முன்னால் போக, அண்ணாச்சி பின்னால் போனார். சமதரையில் நன்றாகப் பிடித்த முன்பிரேக், செங்குத்தான வளைவில் அழுத்தியதும் பட்டென்று விட்டுவிட்டது. பின்பிரேக்கை மட்டும் பிடித்ததில் ஈரச் சாலை வழுக்கியது. பனிக்குள்ளிருந்து அலறல்தான் வந்ததாம், ஆளைக் காணவில்லையாம். தேயிலைச் செடிகளுக்குள் கிடந்த பெண்ணை இவர்தான் தூக்கினார். தோளெலும்பு முறிந்திருந்தது. செடிகள் முடிந்த இடத்தில் பள்ளம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்ணின் தந்தை, "யார் மாட்டின பிரேக் இது?" என்று சத்தம் போட்டார். முதலாளி ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். அண்ணாச்சி முன்னே வந்து நின்றார்.

"நான்தான்யா மாட்டுனேன். முழுசா திருகாம விட்டுருக்கேன். அவர ஒண்ணும் சொல்லாதிய."

மறுநாளே எல்லாக் குமிழ்களையும் கழற்றிப் போட்டார். பழையபடி ஸ்பேனரோடு வேலை நடந்தது. ஆனால் அவர் அதை விடவில்லை. "கை மறக்கத்தான் செய்யும் பிள்ள. மறந்தா, கிளம்புற எடத்துலயே தெரியணும். வளைவுல போயித் தெரியக் கூடாது" என்று என்னிடம் சொன்னார்.

இந்த மழைக்காலத்தில் புதிதாக ஒன்றைச் செய்தார். குமிழ்களுக்கு இடையே ஒரு சுருள்வில். முழுதாக அழுத்தித் திருகினால்தான் பூட்டும். பாதியில் விட்டால் வில்லே இரண்டையும் பிரித்துத் தள்ளிவிடும்; பிரேக் பிடி தொளதொளவென்று தொங்கும். வண்டியில் ஏறும் முன்பே தெரிந்துவிடும். எங்களுக்கெல்லாம் நிம்மதி. அவருக்கு இல்லை. யாருக்கும் கொடுக்காமல் தன் சைக்கிளில் மாட்டி, தினமும் வேலை முடிந்ததும் அந்த மழையில் பள்ளிவாசலில் இருக்கும் வீட்டுக்கு இறங்கினார். அவர் மனைவி பேச்சியம்மாள் அக்கா என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்: "அவுக வந்து சேருற வரைக்கும் எனக்கு அடுப்புல நெனப்பு நிக்க மாட்டேங்கு. நீயாவது சொல்லு." நான் அண்ணாச்சியிடம் சொன்னேன். "யாராவது ஒருத்தர் இறங்கிப் பாக்கணும்லா?" என்றார்.

அப்படி இறங்கிய மாலையில்தான் போனார்.

மறுநாள் காலை அவரைக் கிடத்தியிருந்த வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவுக செஞ்ச சாமானே அவுகளக் கொன்னுட்டா பிள்ள? நெசத்தச் சொல்லு."

 ராசையாவை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். முற்றத்து ஓரத்தில் சைக்கிள் செம்மண் அப்பிக் கிடந்தது. முன்சக்கரம் நெளிந்திருந்தது. மேட்டிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வந்ததாகக் காவலர் சொன்னார். கேட்டுக்கொண்டேன், ஆனால் கையால் தொட்டுப் பார்க்காமல் திரும்ப எனக்கு மனமில்லை. சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தேன். முன்பிரேக்கிலும் பின்பிரேக்கிலும் குமிழ்கள் பூட்டியபடியே இருந்தன. ராசையா பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் அப்படியே நின்றது. சுழலாமல் சாலையில் இழுபட்டு, டயரின் ஓரிடம் மட்டும் நூல் தெரியும்வரை தேய்ந்திருந்தது.

"பாற வாரதப் பாத்துட்டாவ. பாத்துப் புடிச்சிருக்காவ" என்று சொல்லி ராசையா அழுதார்.

சரிந்து வந்த மலைக்கு எந்தப் பிரேக்கும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பி, கண்டதை அக்காவிடம் சொன்னேன். இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு அண்ணாச்சியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, காதருகே குனிந்தார்.

"கேட்டியளா? ஒங்க வயரு விடலையாம்."

தூறலுக்கு நடுவே தகனம் முடிந்தது. திரும்பும் வழியில், அண்ணாச்சி விழுந்த வளைவுக்கு முன்பே ராசையா ஜீப்பை நிறுத்திவிட்டார். மேட்டிலிருந்து மண் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து சாலையில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, வேர் வெளியே தெரிய ஒரு மரம் சாய்ந்து நின்றது. நாளைக்கும் அந்த வழியாகத்தான் நாங்கள் போக வேண்டும்.

போய் வாருங்கள், அண்ணாச்சி. நாங்கள் பார்த்து இறங்குகிறோம்.