சோமதிலக்கவிடம் இருந்த சாவி

சோமதிலக்க யாரையும் நம்பியதில்லை. ராகம ரயில் சந்தியில் முப்பத்தொரு வருடம் சிக்னல் லீவர் இழுத்தவர். பாதை காலி என்று அடுத்த ஸ்டேஷன் சொன்னாலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்த பிறகே கை வைப்பார். ஓய்வு பெற்ற பிறகு பால்காரரின் போத்தலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எங்கள் லேனில் பலர் அவரைக் கண்டால் வழி மாறிப் போவார்கள்.

ஆனால் சாவியை அவரிடம்தான் கொடுத்தோம். வாங்கிய கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கைவிரித்த சித்திரை மாதம் அது. கொடுக்க டாலர் இல்லாமல் சமையல் கேஸ் கப்பல் கடலிலேயே நின்றது. கேஸ் கடை வாசலில் எங்கள் வெறும் சிலிண்டர்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் பெயின்ட்டில் பெயர், எல்லாக் கைப்பிடிகளுக்குள்ளும் ஒரே சங்கிலி, ஒரே பூட்டு. சாவி இடுப்பில் ஏறியதும் ஒதுங்கிப் போனவர்கள் அவருக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள். அவர் நடையே மாறிவிட்டது.

கேஸ் தேவையில்லாமலே நிறைந்த சிலிண்டரை வரிசையில் நிறுத்தி இடத்தை விற்கிறவர்கள் உண்டு என்று, புதிதாக வரும் ஒவ்வொன்றையும் வெறும் சிலிண்டர்தானா என ஒரு கையால் தூக்கிப் பார்த்தே சங்கிலியில் கோப்பார். அவருடையதை மனைவி யசவதி முதல் நாளே உருட்டி வந்து மூன்றாவதாக நிறுத்தியிருந்தார்.

இடியப்பம் விற்கும் மல்காந்தியின் சிலிண்டரை மூன்று தரம் தூக்கினார்.

"என்ன சோமே அண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க?"

"கேஸ் இல்லங்குற. இடியப்பம் மட்டும் எப்பிடி வருது?"

"விறகுல. வந்து கொஞ்ச நேரம் ஊதிப் பாருங்க, தெரியும்."

மறுநாள் காலை அவள் வீட்டுப் பின்புறம் போய்ப் புகை வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அப்போதும் முகம் தெளியவில்லை.

பதினேழாம் நாள், வரிசையை மதில் ஓரம் நகர்த்தச் சொன்னார் கடைக்காரர். சோமதிலக்க பூட்டைத் திறந்தார். மூன்றாவது சிலிண்டர் மல்காந்தியின் கைக்கு அசையவில்லை.

"அண்ணே, இது உங்களது. நீங்களே தூக்குங்க."

தூக்கினார். தோள் கீழே இழுத்தது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எவனோ மாத்திட்டான்."

"சாவி உங்க இடுப்புலதானே இருக்கு?" என்றாள் மல்காந்தி.

தேநீர் கொண்டுவந்த யசவதி போத்தலைக் கீழே வைத்தார். "யாரும் மாத்தல. நான்தான் வெச்சேன். தங்கச்சி புருஷன் தந்த நிறைஞ்ச சிலிண்டர். அடுத்த லேன்ல குசினிக்குள்ள பூந்து அடுப்போட இருந்த சிலிண்டரத் தூக்கிட்டுப் போனாங்களே. இங்கன்னா பூட்டு இருக்கு, உங்க கண்ணு இருக்கு. கேஸ் லொறி வந்தா வெறும் சிலிண்டர இங்க வெச்சு மாத்திக்கலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"பதினேழு நாளா விறகுல இருமிட்டுக் கெடந்தியே!"

"வீட்டுல கேஸ் எரிஞ்சா மொதல்ல நீங்கதானே எங்கேர்ந்து வந்ததுன்னு கேப்பீங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எல்லாருடையதையும் தூக்கிப் பார்த்தவர் தன்னுடையதை மட்டும் தூக்கவில்லை. சாவியை எடுத்து மல்காந்தியின் கையில் வைத்துவிட்டுச் சிலிண்டரை வீட்டுக்கு உருட்டிப் போனார்.

மறுநாள் காலை வெறும் சிலிண்டரோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். மல்காந்தி அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சங்கிலிக்குக் குனிந்தாள்.

"ஒரு தரந்தானா?" என்றார் சோமதிலக்க. "இன்னும் ரெண்டு தரம் தூக்கு."